நரம்பு வலி மாத்திரை: நானும் செய்த தப்புகள்

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் 20 வருஷமாக நிற்கிறேன். அக்கி வந்து போன பிறகு விலாவில் எரிச்சல் நிற்காமல் நானே பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். வேளைக்கு மாத்திரை போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

"நல்லாயிருக்கு, நிறுத்திட்டேன்"

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லாயிருப்பதே மாத்திரை உள்ளே இருப்பதால்தானே! எனக்கு 75 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், நாலு மாதம் ஓடியது. சட்டை உரசினாலே எரிந்த இடம் அடங்கிவிட்டது. அட்டை தீர்ந்த அன்று சரி, போதும் என்று விட்டுவிட்டேன், அதுவும் சுற்றிலும் மருந்து அலமாரியை வைத்துக்கொண்டு. மறுநாள் ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, வேர்த்துக் கொட்டுது, குமட்டல், படபடப்பு, மாரடைப்போ என்று பயந்து வீட்டம்மா ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கே போய்விட்டாள். டாக்டர் திட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்.

எனக்குத் தூக்கத்தோடு போனது. இதையே வலிப்புக்குச் சாப்பிடுபவர் இப்படி நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம், உயிருக்கே ஆபத்து. காசிமேட்டில் ஒரு பையன், வேறொரு வலிப்பு மாத்திரையோடு இதையும் சாப்பிட்டு வந்தான் (அவன் படகேறவே கூடாது, அது தனிச் சண்டை). ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, கையில் காசில்லை, ரொம்ப நாளாக வரவில்லை என்ற தைரியம் வேறு, இரண்டையும் நிறுத்திவிட்டான். வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான், நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். "அதான் வரலியேன்னு உட்டுட்டாம்ப்பா" என்று அவன் அம்மா பழைய சீட்டோடு வந்து நின்றார். காசில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் வலிப்பு மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள்.

"எனக்கு வலிப்பா?"

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு (உடம்பெல்லாம் விடாமல் வலிக்கும் நோய்) எழுதிய மாத்திரை வலிப்புக்கும் உள்ளது என்று தெரிந்ததும் சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். துடிக்கிற நரம்பை அடக்குவதுதான் அதன் வேலை, அதனால் இரண்டுக்கும் ஆகும். அமெரிக்காவில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று முதலில் அனுமதி வாங்கிய மருந்தே பிரிகாபலின்தான், 2007இல்.

பக்கத்து வீட்டு அளவு

பிரிகாபலினும் அதே வகை மாத்திரையான கேபபென்டினும் சிறுநீரில்தான் வெளியேறும். சர்க்கரையில் கிட்னி தளர்ந்தவர் அடுத்த வீட்டுக்காரரின் 150ஐ வாங்கிப் போட்டால் மருந்து உடம்பிலேயே தேங்கும், எழுந்து நடக்கத் தள்ளாடும். பிரிகாபலினோடு சர்க்கரை மாத்திரையான பயோகிளிட்டசோனும் சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் சொல்லுங்கள், கால் வீங்கலாம்.

நெஞ்செரிச்சல் மருந்து

அலுமினியம், மக்னீசியம் கலந்தது என்றால், குடித்து 2 மணி நேரம் கழித்துத்தான் கேபபென்டின்.

முதல் வாரம் பைக்

வேண்டாம். தலை சுற்றும்.

சரக்கு

இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.