பிரஷர் வாஷிங் தொழிலில் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிப்பது எப்படி?

இரண்டு மூன்று பணியாளர்களுடன் பிரஷர் வாஷிங் தொழில், அதாவது உயர் அழுத்த நீரைப் பாய்ச்சிச் சுவர், தரை போன்றவற்றைக் கழுவும் தொழில் நடத்துபவர்களில் பலர், பாதுகாப்பு விதிகள் பெரிய தொழிற்சாலைகளுக்கே உரியவை என்று எண்ணிவிடுகிறார்கள். விதிகளின் விவரம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் பகுதியின் தொழிலாளர் துறையிடம் அதைக் கேட்டறிவது அவசியம். ஆயினும், கூலி கொடுத்து ஒருவரை அமர்த்திய பிறகு அவருக்கு நேரக்கூடிய ஆபத்தை முன்னரே கண்டறிந்து தடுக்கும் கடமை முதலாளியைச் சேர்ந்தது என்பது எங்கும் ஏறத்தாழப் பொதுவானது.

வேலைக்குச் சென்றதும், இயந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கும் முன் இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். தலைக்கு மேல் செல்லும் மின்கம்பி, சுவரில் மூடியில்லாத பிளக் பாயின்ட், வழுக்கும் சரிவு, பிறர் நடக்கும் பாதை, என்ஜின் புகை போய்ச்சேரும் திசை ஆகியவற்றை அங்கேயே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எப்படிச் சமாளிப்பது, யார் பொறுப்பு என்பதையும் குறியுங்கள். எங்கிருந்தோ நகலெடுத்த தடித்த கோப்பைவிட இந்த ஒற்றைத் தாளையே நான் மதிப்பேன். அன்றைய வேலையைப் பார்த்து எழுதியது அதுதான்.

இத்தொழிலில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் ஆபத்து நீர்த்தாரைதான். வழக்கமான இயந்திரங்களே 1,500 முதல் 4,000 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் விழும் பவுண்டு அளவு) வரை அழுத்தம் தருகின்றன. தோலைத் துளைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். பட்ட இடத்தில் ஊசி குத்தியது போன்ற புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலியும் குறைவாக இருக்கலாம். ஆனால் நீரும் ரசாயனமும் அழுக்கும் தோலுக்கடியில் வெகுதூரம் பரவியிருக்கக்கூடும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம். ஆகவே, காயம் எவ்வளவு சிறிதானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை எழுதப்பட்ட விதியாக்குங்கள். உயர் அழுத்தத் தாரை தோலுக்குள் பாய்ந்த காயம் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, பயன்படுத்திய ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளையும் (அதன் ஆபத்துகளையும் முதலுதவியையும் விளக்கி உற்பத்தியாளர் தரும் தாள்) காட்ட வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையும் காலணியும் நனையாமல் காக்குமே தவிர, தாரையைத் தடுக்கா. எனவே கன்னின், அதாவது நீரைப் பீய்ச்சும் துப்பாக்கி வடிவப் பிடியின், டிரிகரைக் கயிறு கொண்டு கட்டிவைப்பதை முற்றிலும் தடைசெய்யுங்கள். நாசிலை (கன்னின் நுனியில் மாட்டும் நீர்முனையை) மாற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தி, டிரிகரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு டிரிகரைப் பூட்டப் பழக்குங்கள். தாரையை விரியவிடாமல் ஒரே புள்ளியில் பாய்ச்சும் சிவப்பு நிறப் பூஜ்ய டிகிரி நாசிலைத் தனியே வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

பெட்ரோல் என்ஜினைக் கட்டடத்துக்குள் இயக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவ உதவி நாட வேண்டும். மின் இயந்திரமானால், 30 மில்லியாம்பியர் அல்லது அதற்கும் குறைந்த மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியின் வழியாக மட்டும் இயக்குங்கள். ஏணியில் நின்று கன்னை இயக்குவதும் வேண்டாம், ஏனெனில் டிரிகரை அழுத்தியவுடன் வரும் பின்னுதைப்பு ஆளைச் சாய்த்துவிடும். தரையில் நின்றபடி நீட்டிப்புக் குழாயைப் பயன்படுத்தலாம்.

பாசி நீக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் கறை நீக்கும் அமிலமும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும் என்பதால் இரண்டையும் வண்டியில் தனித்தனியே வையுங்கள். பெயர் எழுதாத புட்டி எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பிரிவுகளில் முதலுதவி கூறும் 4-ஆம் பிரிவையும், கண்ணாடி, கையுறை போன்ற பாதுகாப்பு அணிகளைக் கூறும் 8-ஆம் பிரிவையும் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் விளக்குங்கள். எட்டு மணி நேரச் சராசரி இரைச்சல் 85 டெசிபலை எட்டினால் காதுக்கும் கவசம் தேவை.

பயிற்சி என்பது கையெழுத்து வாங்குவதன்று. அவசரமாக இயந்திரத்தை நிறுத்துவதைப் பணியாளரே செய்துகாட்டிய பின்பே தேதியிட்டுப் பதிவு செய்யுங்கள். ஹோஸில் வீக்கமோ உள்வலைக் கம்பியோ தெரிந்தால் ஒட்டுப்போடாமல் அன்றே மாற்றி, மாற்றிய தேதியையும் எழுதுங்கள். மயிரிழையில் தப்பிய நிகழ்வைச் சொல்ல வருபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர் சொன்னதை, மறுநாள் இடத்தைச் சுற்றிவரும்போது எழுதும் தாளின் முதல் வரியாக்குங்கள்.