விம் எடிட்டரில் இன்டென்ட்: மொத்தமாக அடுக்கிவிடும் முன்

விம் பழக ஆரம்பித்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் ஒரு மந்திரம் கிடைத்துவிடும். சின்ன ஜி இரண்டு முறை, ஒரு சமக்குறி, பெரிய ஜி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இன்டென்ட் (வரிகளை இடது ஓரத்திலிருந்து உள்ளே தள்ளும் அளவு) மொத்தமும் ஒழுங்காகிவிடும். சி, ஜாவா போன்ற மொழிகளில் இதை நம்பித் தட்டலாம். பிளாக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நெளிவு அடைப்புக்குறிகளே காட்டிக்கொடுத்துவிடும்.

பைத்தானில் அப்படி நம்பக் கூடாது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோட், எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஃபார் லூப். அடுத்த வரி விலையை மொத்தத்தோடு கூட்டுகிறது. அதற்கடுத்த வரி மொத்தத்தை பிரின்ட் செய்கிறது. ஃபார் வரியின் கடைசியில் கோலன் இருப்பதால் கூட்டும் வரியை எடிட்டர் உள்ளே தள்ளிவிடும். பிரின்ட் உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் பத்துப் பொருளுக்குப் பத்து முறை அச்சாகும். வெளியே என்றால் ஒரே முறை. இரண்டு விதமும் எரர் இல்லாமல் ஓடும் என்பதுதான் சிக்கல். அதை எழுதியவருக்குத்தான் தெரியும், எடிட்டருக்குத் தெரிய வழியே இல்லை. பைத்தானில் வேண்டிய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, 'விடப் பெரிது' குறியால் நீங்களே உள்ளே தள்ளுங்கள்.

அடுத்தது, பேஸ்ட் செய்யும்போது வரும் படிக்கட்டு. பழைய விம்மில், ஆட்டோஇன்டென்ட் (புது வரியை முந்தைய வரியின் அளவுக்குத் தானாகத் தள்ளும் வசதி) இயங்கும்போது டெர்மினலில் ஒட்டினால், ஒட்டுகிறீர்களா டைப் அடிக்கிறீர்களா என்று அதற்குப் புரியாது. நான்கு ஸ்பேஸ் தள்ளிய மூன்று வரிகளை ஒட்டினால் 4, 8, 12 என்று சரிந்துகொண்டே போகும். முந்தைய வரியின் இன்டென்ட்டோடு வரியின் சொந்த இன்டென்ட்டும் சேர்ந்துகொள்கிறது. இதற்காக செட் பேஸ்ட் போடுகிறவர்கள் அதைத் திரும்ப அணைக்க மறந்துவிட்டு, 'இன்டென்ட் வேலை செய்யவில்லை' என்று அரை நாள் தேடுவார்கள் (நானும் தேடியிருக்கிறேன்). பேஸ்ட் மோடில் ஆட்டோஇன்டென்ட்டும், டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போடும் எக்ஸ்பாண்ட்டேப்பும் சேர்ந்தே படுத்துவிடும். கிளிப்போர்டு ரெஜிஸ்டரிலிருந்து ("+p) நேராக ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாறுவது ஸ்மார்ட்இன்டென்ட் என்ற செட்டிங் விஷயத்தில். ஹேஷ் குறியில் தொடங்கும் வரி என்றால் அதை சி மொழியின் இன்க்ளூட் வரி என்று எடுத்துக்கொண்டு இடது ஓரத்துக்கு இழுத்துவிடும். பைத்தானில் அது கமென்ட். ஸ்மார்ட்இன்டென்ட்டை எடுத்துவிட்டு ஃபைல்டைப் பிளகின் இன்டென்ட் ஆன் என்ற ஒரே வரியைப் போடுங்கள்; மொழிக்கு மொழி தனி விதி வந்துவிடும்.

அப்புறம் டேப். டேப்ஸ்டாப்பை 4 என்று மாற்றினால் டேப் எத்தனை கட்டமாகத் தெரிகிறது என்பதுதான் மாறும். ஃபைலில் இருப்பது அதே டேப்தான். 8 கட்டமாகக் காட்டும் இன்னொருவர் திரையில் எல்லாம் கலைந்து தெரியும். டேப்பும் ஸ்பேஸும் தாறுமாறாகக் கலந்தால் பைத்தான் 3 டேப்எரர் சொல்லி நின்றுவிடும். டேப்ஸ்டாப்பை 8 என்றே விட்டு, ஷிஃப்ட்விட்த் (ஒரு முறை உள்ளே தள்ளும் அளவு) 4, எக்ஸ்பாண்ட்டேப் ஆன் என்று வையுங்கள். மேக்ஃபைல் (ப்ரோகிராமை பில்ட் செய்யும் கட்டளைகள் உள்ள ஃபைல்) மட்டும் விலக்கு: அங்கே கட்டளை வரிகள் நிஜ டேப்பில் தொடங்காவிட்டால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று முறைக்கும்.

இன்டென்ட் திருத்தத்தையும் பக் ஃபிக்ஸையும் ஒரே கமிட்டில் (கிட்டில் பதியும் ஒரு தொகுப்பு மாற்றம்) போடாதீர்கள். மாறியது இரண்டு வரி, டிஃபில் தெரிவது அறுநூறு வரி என்றால் ரிவ்யூ செய்பவர் என்னதான் செய்வார்? இன்டென்ட்டுக்குத் தனி கமிட். கிட் 2.23 முதல் அந்த கமிட்டை பிளேமில் (எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கட்டளை) கணக்கில் எடுக்காமல் விடவும் வசதி இருக்கிறது.

தவறு எதிர்ப்பக்கமும் உண்டு. சி மொழியில் இன்டென்ட்டை எடிட்டரிடம் விடாமல் கண்ணை மட்டும் நம்புவது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் முறை) ஓட்டை இந்த வகை. ஒரு இஃப்புக்குக் கீழே 'கோ டூ ஃபெயில்' (ஃபெயில் என்ற இடத்துக்குத் தாவு) என்று ஒரே வரி இரண்டு முறை, ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே அளவு உள்ளே தள்ளி. அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி இஃப்புக்குக் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது; அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு நடக்கவே இல்லை. அந்த வரியில் நின்று சமக்குறியை இரண்டு முறை தட்டியிருந்தால், அது இஃப்புக்கு நேராக வெளியே வந்து நின்றிருக்கும்.