மழைக்கு மட்டும் ஓடும் கல்லோடை

கோவை வடவள்ளிப் பக்கம் சரிவு மனையில் வீடு கட்டியவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே பொடக்காணியை, அதாவது வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றித்தான் கவலை. மேல்மனைத் தண்ணீர் மொத்தமும் அங்கே வந்து நிற்கும். பலர் சிமென்ட் கால்வாய் கட்டித் தெருவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்று மாசியில் புலம்புகிறவர்களும் அவர்கள்தான்! எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ஆழமில்லாத பள்ளம் வெட்டிக் கல் நிரப்பி, கல்லோடை போட்டு மண்ணிலேயே இறக்கிவிட்டேன்.

மண்வெட்டியை எடுக்கும் முன், நல்ல மழையில் குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்திலேயே முளைக்குச்சி அடியுங்கள். அழகுக்காக வேறு பக்கம் வளைத்தால் தண்ணீர் பேச்சைக் கேட்காது.

அடுத்தது மட்டம். மேஸ்திரி வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். பத்தடிக்கு இரண்டரை இஞ்ச் இறக்கம் நல்லது. ஒன்றேகாலுக்குக் கீழே போனால் தேங்கும். சரிவு அதிகமென்றால் நடுநடுவே பெரிய கல்லைக் குறுக்கே பதித்து வேகத்தைக் குறையுங்கள். ஓடை முடியும் இடம் அஸ்திவாரத்திலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய உறிஞ்சுகுழி இருந்தால் அதில் விடலாம். ஆனால் கலங்கல் தண்ணீர் நேராகப் போனால் குழி அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால், வண்டல் படிய இரண்டடி அளவில் ஒரு வண்டல் தொட்டி அவசியம்.

ஓடைக்கு மூன்றடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம், ஓரங்கள் வாணலி மாதிரி சரிந்திருக்க வேண்டும். தோண்டிய மண்ணைத் தண்ணீர் வரும் பக்கம் குவிக்காதீர்கள், அதுவே கரையாகி மறித்துவிடும். தாழ்ந்த பக்கம் கொட்டி மிதித்து இறுக்குங்கள். அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரிக்க வேண்டும். தார்ப்பாய் போட்டால் தண்ணீர் கீழே இறங்காது.

இனி கல். முப்பதடி ஓடையில் அரையடி உயரத்துக்குக் கல் நிரப்ப 45 கன அடி வேண்டும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, அரை யூனிட் சொன்னால் சரியாக இருக்கும். அடியில் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, மேலே சின்னதும் பெரியதும் கலந்த கூழாங்கல். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் தண்ணீர் மோதும். இருப்பதிலேயே பெரிய கல்லை அங்கே, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதையும்படி வையுங்கள். சும்மா மேலே வைத்த கல் முதல் மழைக்கே உருண்டுவிடும். நர்சரியில் விற்கும் பளபள வெள்ளைக் கல் காசுக்குத் தண்டம். செம்மண் கறை ஏறினால் போகாது.

கரையோரம் வெட்டிவேர் நட்டால் மண் அரிக்காது. புரட்டாசியில் சருகை வாரி, வண்டல் தொட்டியை அள்ளிவிடுங்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் எங்காவது தண்ணீர் நின்றால், கொசு பெருகுவதற்குள் அங்கே கல்லை எடுத்து மட்டத்தைச் சரிசெய்துவிடுங்கள்.