5 ஹேட்ஸில் களைத்துப்போகும் ஐசி: 741 ஐ வைத்து ஒரு பின்னூட்டல் சோதனை

ஏ/எல் பௌதிகவியலில் 741 படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: செயற்பாட்டு விரியலாக்கியான இந்த ஐசியின் திறந்த தட நயம் (பின்னூட்டல் இல்லாமல் அது சிக்னலைப் பெருக்கும் மடங்கு) மிகப் பெரியது, முடிவிலி என்றே எடுத்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு அது போதும். பாட்டுக் கேட்க அம்ப் கட்டுகிறவருக்குப் போதாது. அந்தப் பெரிய நயம் சுமார் 2,00,000. ஆனால் 5 ஹேட்ஸ் அளவிலேயே அது சரியத் தொடங்கிவிடும். நம் காதோ 20 ஹேட்ஸில்தான் கேட்கவே ஆரம்பிக்கிறது.

இதைப் பார்த்துப் பயந்து, "திறந்த தடப் பட்டையகலம் (அந்த நயம் சரியாமல் நிற்கும் மீடிறன் எல்லை) 20 கிலோஹேட்ஸையாவது தாண்டினால்தான் நல்ல அம்ப்" என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். நானும் சில வருடம் அந்தக் கட்சிதான்.

படி 1: சாமான்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு நடை. ஒரு 741, ஒரு டிஎல்071, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 கிலோ இரண்டு, 100 கிலோ ஒன்று, 0.1 மைக்ரோபரட் கப்பாசிட்டர் இரண்டு, 1 மைக்ரோபரட் ஒன்று, புது 9 வோல்ட் பட்டரி இரண்டு, பிரெட்போர்ட், போனில் செருகும் ஒரு ஓடியோ வயர். வீட்டு 230 வோல்ட்டைத் தொடவே வேண்டாம்.

பழைய பிரெட்போர்ட் இருந்தால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கிளிப்புகள் கறுத்துப்போய், ஐசி பழுதென்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன்.

படி 2: கட்டுதல்

இரண்டு பட்டரிகளையும் தொடராக இணையுங்கள். நடுச் சந்திதான் நம் புவி. 7 ஆம் காலுக்கு +9, 4 ஆம் காலுக்கு −9. இரண்டு கால்களிலிருந்தும் புவிக்கு ஒவ்வொரு 0.1 கப்பாசிட்டர். போனிலிருந்து வரும் சிக்னல் 3 ஆம் காலுக்கு, அங்கிருந்து 10 கிலோ ஒன்று புவிக்கு. 6 ஆம் காலிலிருந்து 2 ஆம் காலுக்கு மற்ற 10 கிலோ, 2 ஆம் காலிலிருந்து புவிக்கு 1 கிலோ. 1, 5, 8 ஆம் கால்களை விட்டுவிடுங்கள்.

வெளியீட்டின் பதினொன்றில் ஒரு பங்கு திரும்பி உள்ளே போகிறது. அதனால் மூடிய தட நயம், அதாவது பின்னூட்டலோடு கிடைக்கும் நயம், 11. அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் 1927 ஓகஸ்ட்டில் வேலைக்குப் படகில் போகும்போது கையிலிருந்த செய்தித்தாளில் கிறுக்கிய எண்ணம் இதுதான்: வேண்டியதைவிட மிக அதிகமாகப் பெருக்கு, மிச்சத்தைக் கொண்டு பிழையைத் திருத்து.

படி 3: மிச்சம் எவ்வளவு?

741 இன் நயத்தை மீடிறனால் பெருக்கினால் ஏறக்குறைய எப்போதும் 10 லட்சம் வரும். அப்படியானால் 1 கிலோஹேட்ஸில் நயம் 1,000. 20 கிலோஹேட்ஸில் வெறும் 50. நமக்கு வேண்டியது 11. எனவே 1 கிலோஹேட்ஸில் மிச்சம் 91 மடங்கு, 20 கிலோஹேட்ஸில் நாலரை மடங்கு. திரிபை (சிக்னலின் வடிவம் கெடுவதை) நசுக்குவது இந்த மிச்சம்தான். டிஎல்071 க்கு அந்தப் பெருக்கம் 30 லட்சம். அதன்படி 20 கிலோஹேட்ஸில் மிச்சம் பதின்மூன்றரை மடங்கு.

இப்போது பட்டையகலக் கட்சிக்காரரின் யோசனையைப் பார்ப்போம். ஐசிக்கு உள்ளே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு 2,00,000 ஐ 2,000 ஆகக் குறைக்கிறோம் என்று வையுங்கள். சரிவு 5 ஹேட்ஸுக்குப் பதில் 500 ஹேட்ஸில் தொடங்கும். பட்டையகலம் நூறு மடங்கு! விளம்பரத்தில் போடலாம். ஆனால் 20 கிலோஹேட்ஸில் நயம்? அதே 50. மேலே ஒன்றும் கூடவில்லை; கீழே பேஸில் இருந்த மிச்சத்தை வெட்டி எறிந்ததுதான் கண்ட பலன். உச்சிக் கிளையில் காய் இல்லையென்று அடிமரத்தைத் தறித்த கதை.

சரிவு ஏன் அவ்வளவு சீக்கிரம்? 741 க்குள் 30 பிகோபரட் கப்பாசிட்டர் ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் உயர் மீடிறனில் சிக்னல் பிந்திப் பிந்தி, கழிக்க வேண்டிய பின்னூட்டல் கூட்டத் தொடங்கும். அம்ப் தானாக ஊளையிடும்.

படி 4: உண்மையான குற்றவாளி

அந்தக் கப்பாசிட்டருக்கு வேறொரு விலை உண்டு. அதை நிரப்ப ஐசியின் முதற்கட்டம் (உள்ளீட்டுப் பகுதி) தரும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால் வெளியீடு ஒரு மைக்ரோசெக்கனில் அரை வோல்ட்டுக்கு மேல் ஓடாது. இதுதான் ஸ்லூ ரேட். டிஎல்071 இல் அது சுமார் 13 வோல்ட். 1970 இல் பின்லாந்துப் பொறியியலாளர் மத்தி ஒட்டாலா திரான்சிஸ்டர் அம்ப்களின் திடீர்த் திரிபைப் பற்றி எழுதியதும் பலர் குறுகிய திறந்த தடப் பட்டையகலத்தைக் குற்றஞ்சாட்டினார்கள். பிற்பாடு தெளிந்தது, முதற்கட்டம் மூச்சுத்திணறுவதுதான் கோளாறு என்பது.

படி 5: சோதனை

முதலில் 400 ஹேட்ஸ் தனி ஒலியைப் போனில் போட்டு, 6 ஆம் காலில் மல்டிமீட்டர் ஆடலோட்ட வோல்ட்டில் 5 காட்டும்வரை ஒலியைக் கூட்டுங்கள். உச்சம் 7 வோல்ட். (15 கிலோஹேட்ஸில் மலிவான மீட்டரை நம்பாதீர்கள், அதனால்தான் 400.) போன் பலவீனமாக இருந்தால் பின்னூட்டல் 10 கிலோவுக்குப் பதில் 22 கிலோ போடலாம்.

பிறகு ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 14, 15 கிலோஹேட்ஸ் ஒலிகள் இரண்டைப் பாதிப் பாதி அளவில் கலந்து அதே போனில், அதே ஒலியளவில் ஓடவிடுங்கள். 6 ஆம் காலிலிருந்து 100 கிலோ, அதன் மறுமுனையிலிருந்து புவிக்கு மிஞ்சிய 1 கிலோ. அந்தச் சந்தியிலிருந்து 1 மைக்ரோபரட் வழியாக லப்டொப்பின் மைக் உள்ளீட்டுக்கு. லப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பதிவுசெய்து, ஸ்பெக்ட்ரம் படத்தைப் பாருங்கள்.

இந்த ஒலிக்கு வெளியீட்டில் வேண்டிய வேகம் மைக்ரோசெக்கனுக்கு 0.64 வோல்ட். 741 ஆல் முடியாது. 13 இலும் 16 இலும் நீங்கள் அனுப்பாத இரண்டு முளைகள் எழும்பி நிற்கும். பட்டரியைக் கழற்றி, அதே இடத்தில் டிஎல்071 ஐச் செருகி மறுபடி ஓடவிட்டால் அவை சிறுத்துவிடும். சிறுக்காவிட்டால் லப்டொப்பின் மைக் உள்ளீடே நிரம்பி வழிகிறது. பதிவு அளவைக் குறையுங்கள். டிஎல்071 இன் திறந்த தடச் சரிவும் சில பத்து ஹேட்ஸுக்குள்தான் தொடங்குகிறது என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பவர் அம்ப் கட்டுவதானால் தாளும் பேனையும் எடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றால் உச்சம் 28 வோல்ட். 20 கிலோஹேட்ஸில் அதற்கு மைக்ரோசெக்கனுக்கு மூன்றரை வோல்ட் வேண்டும்; 741 தருவது அதில் ஏழில் ஒரு பங்கு. கடைக்காரர் எத்தனை வாட் என்றுதான் சொல்வார். ஸ்லூ ரேட்டை டேட்டாஷீட்டில் நீங்களே தேடிப் பாருங்கள்.