கேம் டைட்டில் ஸ்கிரீனுக்கு இசை தேர்ந்தெடுப்பது எப்படி: தேடலில் தொடங்கி லூப் ஒட்டுவது வரை

சின்னதாக ஒரு கேம் செய்து முடித்துவிட்டீர்கள். டைட்டில் ஸ்கிரீனில் படம் இருக்கிறது, கேமின் பெயர் இருக்கிறது, ‘தொடங்கு’ பொத்தானும் இருக்கிறது. இசை மட்டும் இல்லை. இந்தப் பதிவு அந்த நிலையில் இருப்பவர்களுக்கு. இசையமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேம் எஞ்சினில் ஒரு ஒலிக் கோப்பை ஓடவைக்கத் தெரிந்தால் போதும்; அதை இங்கே விளக்கப்போவதில்லை.

நான் சமீபத்தில் கோடோ என்ற கேம் எஞ்சினில் முடித்தது கலங்கரை விளக்கம் ஒன்றைச் சுற்றி நடக்கும் புதிர் விளையாட்டு. அதற்கு இசை தேடி, வெட்டி, ஒட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது: முதல் தடவை கேட்கும்போது பிடித்துப்போவதை வைத்து டைட்டில் இசையை முடிவு செய்யக் கூடாது. ஆட வருபவர் அதைத் தினமும் கேட்கிறார். ஆப்ஷன்ஸில் எதையோ மாற்றிக்கொண்டே கேட்கிறார். அவர் எழுந்து போய் வேறு வேலை பார்க்கும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இசை முடிந்து மறுபடி தொடங்கும் அந்த ஒட்டு எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மெட்டு எவ்வளவு அழகு என்பது அதற்கு அடுத்து.

படி 1: உங்கள் கேமின் முதல் ஐந்து நிமிடத்தை ஆடிப் பாருங்கள்

டைட்டில் படத்தைப் பார்த்து இசை தேடாதீர்கள். படம் பிரமாண்டமாக இருக்கலாம்; அதைத் தாண்டி உள்ளே போனால் ஆட்டம் அமைதியாக இருக்கலாம். வாசலில் போர் முரசு கொட்டிவிட்டு, உள்ளே நிதானமாக யோசிக்க வேண்டிய புதிரைக் கொடுத்தால், வந்தவருக்கு ஏதோ தவறான கேமைத் திறந்துவிட்ட உணர்வு வரும். முதல் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, மனதில் தங்கியதை மூன்று சொற்களில் எழுதுங்கள். என் கேமுக்கு நான் எழுதியவை: இரவு, நிதானம், கொஞ்சம் பயம். அந்த மூன்றாவது சொல்தான் பெரிதும் உதவியது. அதை எழுதாமல் தேடியிருந்தால், தூங்கவைக்கும் பியானோ டிராக் எதையாவது எடுத்திருப்பேன்.

இசையே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் டைட்டில் ஸ்கிரீனில் இசை கிடையாது; ஆட்டம் தொடங்கிய பிறகுதான் மெட்டு வரும். காற்று, மழை, அலை என்று சூழல் ஒலி மட்டும் பொருந்தும் கேம்களும் உண்டு. அப்படியானால் படி 4-க்குப் போய்விடுங்கள், ஏனென்றால் அலைச் சத்தத்துக்கும் ஒட்டு தேவை.

படி 2: லைசென்ஸை முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள்

கேட்டுப் பிடித்துப்போன பிறகு லைசென்ஸைப் பார்த்தால், விட மனசு வராது. அதனால் தேடும் தளத்திலேயே லைசென்ஸ் வடிகட்டியைப் போட்டுவிட்டுத் தேடுங்கள். ஓப்பன்கேம்ஆர்ட், ஃப்ரீசவுண்ட் இரண்டிலும் இந்த வசதி உண்டு. என் பரிந்துரை இதுதான்:

சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ். சிசி ஜீரோ என்றால் கவலையே இல்லை. சிசி பை என்றால் இசையமைத்தவர் பெயர், டிராக்கின் பெயர், லைசென்ஸ், மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகவல், இவற்றை கிரெடிட்ஸில் போட வேண்டும். என்சி என்று இருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. விற்கும் எண்ணம் துளி இருந்தாலும் எடுக்காதீர்கள். என்டி என்று இருந்தால் மாற்றியமைத்து வெளியிட அனுமதி இல்லை. நாம் எப்படியும் வெட்டி ஒட்டப்போகிறோம், ஆகவே அதுவும் வேண்டாம். எஸ்ஏ என்று இருப்பதையும் நான் தவிர்க்கிறேன். அதே லைசென்ஸில்தான் பகிர வேண்டும் என்ற நிபந்தனை கேமில் எதுவரை நீளும் என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட வேறு டிராக் தேடுவது சுலபம்.

பழைய செவ்வியல் இசைதானே, எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. இயற்றியதற்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. இயற்றியவர் மறைந்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தாலும், போன வருடம் ஒரு இசைக்குழு அதை வாசித்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவர்களுடையது. இயற்றியதற்கான உரிமையில் பெரிய நிறுவனங்களுக்கும் சிக்கல் வந்திருக்கிறது. 1986-இல் வெளிவந்த த லெஜண்ட் ஆஃப் செல்டாவின் டைட்டில் ஸ்கிரீனுக்கு முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ‘பொலேரோ’வைத்தான் வைப்பதாக இருந்தார்கள். ராவெல் இறந்தது 1937-இல். அதன் காப்புரிமைக் காலம் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. அதனால் அந்த கேமின் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ கடைசி நேரத்தில் வேறு இசை அமைத்துக் கொடுத்தார்.

படி 3: டைட்டில் ஸ்கிரீனிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள்

நான்கைந்து டிராக் பிடித்திருக்கும். தளத்தின் பிளேயரில் கேட்டு முடிவு செய்யாமல், ஒவ்வொன்றையும் உங்கள் டைட்டில் ஸ்கிரீனில் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அருகிலேயே உட்கார்ந்து வேறு வேலை பாருங்கள். எங்கே காது தானாகத் திரும்புகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல விஷயத்துக்காகத் திரும்பினால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் அதே சிம்பல் அடி, அதே உயர்ந்த வயலின் ஸ்வரம் குத்துகிறது என்றால் அந்த டிராக்கைக் கழித்துவிடலாம்.

முதல் மூன்று விநாடியைத் தனியாகக் கேளுங்கள். பலர் ‘தொடங்கு’ பொத்தானை அழுத்திப் போய்விடுவார்கள். அவர்களுக்கு உங்கள் டைட்டில் இசை என்பதே அந்தச் சில விநாடிதான். மெல்ல மெல்ல எழும்பி முப்பதாவது விநாடியில் உயிர் பெறும் டிராக் எனக்குப் பிடிக்கும், ஆனால் டைட்டிலுக்கு ஆகாது. ஆரம்பத்தை வெட்டிவிட்டு அந்த முப்பதாவது விநாடியிலிருந்து தொடங்க முடியுமா என்று பாருங்கள். பல நேரம் முடியும்.

வரிகள் உள்ள பாட்டு வேண்டாம் என்பேன். மெனுவைப் படிப்பவரின் கவனத்தைச் சொற்கள் இழுக்கும். ஹம்மிங் அல்லது கோரஸ் இருக்கலாம்.

படி 4: லூப் ஒட்டுதல்

இந்தப் படிக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, அதனால் இங்கே நிதானமாகப் போகலாம். கருவி: ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருள். இலவசம். இசையமைக்கப் பயன்படும் பெரிய டிஏடபிள்யூ மென்பொருள் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. இசையமைப்பிலும் இறங்கப்போகிறவர்கள் மட்டும் ரீப்பர் போன்ற டிஏடபிள்யூ பக்கம் போகலாம்.

முதலில் கணக்கு. டிராக்கின் பிபிஎம், அதாவது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது, தெரிய வேண்டும். பெரும்பாலும் பதிவிறக்கப் பக்கத்திலேயே இருக்கும். இல்லையென்றால் தாளத்துக்கு ஏற்பத் தட்டிக் கண்டுபிடிக்கலாம். 60-ஐ பிபிஎம்மால் வகுத்தால் ஒரு அடியின் நீளம் விநாடியில் வரும். என் டிராக் 96 பிபிஎம், ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு அடி. 60 ÷ 96 = 0.625 விநாடி. 16 பார் என்றால் 64 அடி, அதாவது சரியாக 40 விநாடி. லூப் 40 விநாடியில் முடிய வேண்டும், 39.9 என்றாலும் தாளம் தடுக்கும்.

சரி, 40-வது விநாடியில் வெட்டிவிட்டேன். ஓடவிட்டால் தாளம் துல்லியமாக இருக்கிறது. ஆனாலும் ஒட்டு கேட்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது: பதினாறாவது பாரின் கடைசியில் அடித்த மணியின் ரீவெர்ப் (தேய்ந்து அடங்கும் எதிரொலி) 40-வது விநாடியைத் தாண்டி இன்னும் இரண்டரை விநாடி நீள்கிறது. நான் வெட்டியது அந்த ரீவெர்ப்பை. மணி ஒலித்துத் தேய்ந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று அறுபட்டு, ஈரமே இல்லாத முதல் ஸ்வரம் வருகிறது. தாளத்தில் பிழை இல்லை என்பதால் இன்ன இடத்தில் தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் காது அதைப் பிடித்துவிடும். ஃபேட் அவுட் போட்டால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். ஆகாது, இசை ஒரு கணம் பள்ளத்தில் இறங்கி ஏறும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. 40-வது விநாடிக்குப் பிறகு வரும் அந்த வாலைத் தூக்கிப்போடாதீர்கள். ரீவெர்ப் முழுவதும் தேய்ந்து அடங்கும் வரை அதைத் தேர்ந்தெடுத்துத் தனி டிராக்கில் வையுங்கள். பிறகு:

முதலில், வால் இல்லாத 40 விநாடித் துண்டை அடுத்தடுத்து இரண்டு முறை ஒட்டுங்கள். இப்போது மொத்த நீளம் 80 விநாடி. இரண்டாவதாக, தனியே வைத்த வாலை நகர்த்தி, அது 40-வது விநாடியில் தொடங்கும்படி வையுங்கள். இரண்டாம் பிரதியின் முதல் ஸ்வரத்துக்கு மேல் பழைய மணியின் ரீவெர்ப் படியும். மூன்றாவதாக, எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸ் செய்து ஓஜிஜி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கடைசியாக, கோடோவில் அந்தக் கோப்பின் இம்போர்ட் பகுதிக்குப் போய் ‘லூப்’ என்பதை டிக் செய்து, ‘லூப் ஆஃப்செட்’டில் 40 என்று கொடுத்து மறுபடி இம்போர்ட் செய்யுங்கள்.

இசை 0-விலிருந்து தொடங்கும். அங்கே வால் இல்லை, சுத்தமான தொடக்கம். 80-வது விநாடியில் முடிந்ததும் 40-க்குத் தாவும். அங்கே வால் காத்திருக்கிறது. மணி அறுபடாமல் தேய்ந்து முடியும். இரண்டு முறை ஒட்டாமல் ஒரே துண்டின் தலையிலேயே வாலை வைத்தால், கேமைத் திறந்த உடனே, யாரும் அடிக்காத மணி ஒன்றின் மிச்சம் கேட்கும். அதற்காகத்தான் இரண்டு பிரதி.

ஒட்டில் ‘டக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால், வெட்டிய இடத்தில் அலை நடுக்கோட்டில் இல்லை என்று பொருள். ஆடாசிட்டியில் தேர்வைப் போட்டுவிட்டு இசட் விசையை அழுத்தினால், தேர்வின் இரு முனைகளும் பக்கத்தில் இருக்கும் பூஜ்யப் புள்ளிக்கு நகரும்.

எம்பி3 வேண்டாம். அந்த வடிவம் ஒலியை 1152 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி) கொண்ட துண்டுகளாகப் பிரித்து அடைக்கிறது. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால், ஒரு துண்டு சுமார் 26 மில்லி விநாடி. என்கோடர் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். தனிப் பாட்டில் அது தெரியாது, லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் போல வரும். ஓஜிஜியில் இந்தத் தொல்லை இல்லை. டபிள்யூஏவி-யிலும் இல்லை, ஆனால் 16 பிட் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் போகும். ஓஜிஜி அதே நிமிடத்தை ஏறக்குறைய 1 எம்பியில் முடித்துவிடும்.

யூனிட்டியில் வேலை செய்பவர்கள் தொடக்கத்தையும் லூப்பையும் இரண்டு கோப்பாகப் பிரித்து, இரண்டு ஆடியோ சோர்ஸில் வைத்து, இரண்டாவதை ‘பிளே ஷெட்யூல்ட்’ மூலம் ஒலிக் கடிகார நேரப்படி தொடங்குங்கள். சாதாரண ‘பிளே’ ஃபிரேம் கணக்கில் தொடங்குவதால் துல்லியம் கிடைக்காது.

படி 5: பொத்தான் ஒலியின் சுருதி, ஒலி அளவு

மெனு பொத்தானுக்கு ‘டிங்’ என்று ஸ்வரம் உள்ள ஒலி வைத்திருந்தால் அதை இசையோடு சேர்த்துக் கேளுங்கள். சுருதி சேராவிட்டால் நல்ல இசையும் மலிவாகத் தெரியும். டிராக்கின் ஆதார சுருதிக்கு ச அல்லது ப ஸ்வரத்தில் பொத்தான் ஒலி விழுந்தால் பெரும்பாலும் பொருந்தும். ஆடாசிட்டியில் ‘சேஞ்ச் பிட்ச்’ கொண்டு அதை ஏற்றி இறக்கலாம். ஐந்து நிமிட வேலை, யாரும் செய்வதில்லை, செய்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அளவைப் பொறுத்தவரை, ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ எஃபெக்டில் மைனஸ் 20 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலி அளவின் அலகு) அருகே வைக்கிறேன். கேமைத் திறந்ததும் ஹெட்போனில் அலறும் இசை எரிச்சலின் உச்சம். போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) கிட்டத்தட்ட காணாமல் போகும். மெட்டு முழுக்க பேஸிலேயே இருந்தால் போனில் ஒன்றும் மிஞ்சாது.

படி 6: எஞ்சினில்

பிளேயரை டைட்டில் சீனுக்குள் வைக்காமல், சீன் மாறினாலும் நிலைத்திருக்கும் கோடோவின் ஆட்டோலோடில் வையுங்கள். இல்லையென்றால் ஆப்ஷன்ஸ் சீனுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இசை முதலிலிருந்து தொடங்கும். ‘தொடங்கு’ அழுத்தியதும் ட்வீன் (மதிப்பைப் படிப்படியாக மாற்றும் வசதி) வைத்து ஒன்றரை விநாடியில் ஒலியைக் குறைத்து நிறுத்துங்கள்.

சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

எம்பி3 மட்டும்தான் கிடைக்கிறது, அதை ஓஜிஜியாக மாற்றினேன், இடைவெளி போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். போகாது, மௌனம் ஏற்கெனவே கோப்புக்குள் வந்துவிட்டது. ஆடாசிட்டியில் திறந்து, தலையில் உள்ள தட்டையான பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்து முதலில் வெட்டுங்கள். அதன் பிறகு 40 விநாடிக் கணக்கைத் தொடங்குங்கள்.

ஆர்பிஜி மேக்கர் எஞ்சினில் லூப் ஆஃப்செட் எங்கே என்று இன்னொருவர் கேட்டார். அங்கே அது ஓஜிஜி கோப்பின் டேக்குகளில் போக வேண்டும்: லூப்ஸ்டார்ட், லூப்லெங்த் என்ற இரண்டு பெயர்கள், ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல். மதிப்பு விநாடியில் அல்ல, சாம்பிளில். 44,100 ஹெர்ட்ஸ் கோப்பு என்றால் 40 விநாடிக்கு இரண்டிலும் 1764000. கோப்பு 48,000 ஹெர்ட்ஸ் என்றால் அது 1920000. அவருக்கு ஒட்டு தவறியது இதனால்தான்: கோப்பு 48,000, கணக்கு 44,100.

பிரவுசரில் வெளியிட்டவர்களுக்கு டைட்டில் இசை கேட்கவே இல்லை என்பது அடிக்கடி வரும் கேள்வி. உங்கள் நிரலில் பிழை இல்லை. பயனர் தொடும் வரை பக்கம் தானாக ஒலி எழுப்பக் கூடாது என்ற கட்டுப்பாட்டை குரோம் 2018-இல் கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்களிலும் இதுபோன்ற கட்டுப்பாடு உண்டு. டைட்டிலுக்கு முன்னால் கறுப்புத் திரையில் ‘தொடங்கத் தட்டவும்’ என்று ஒரு வரி போட்டு, அந்தத் தட்டலுக்குப் பிறகு டைட்டிலுக்குப் போய் இசையைத் தொடங்குங்கள். டைட்டில் திரையிலேயே அந்தத் தட்டலை வாங்கினால் இசை பாதியில் நுழைந்தது போல இருக்கும். தனித் திரை வைத்தால் படமும் இசையும் ஒன்றாகத் திறக்கும்.