கலரியில் விரிக்கும் பதாகை: துணி வாங்குவதிலிருந்து கொசுவ மடிப்பு வரை

உதைபந்தாட்ட ஆதரவாளர்கள் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்கும் பெரிய பதாகையை ஐரோப்பாவில் ‘டிஃபோ’ என்பார்கள், இத்தாலியச் சொல். ஜேர்மனியில் டோர்ட்முண்ட் அரங்கின் தெற்குக் கலரியில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கலாம். நம் திருகோணமலைக்கு 60 பேரும் ஆறு படி வரிசையும் போதும். ஏகாம்பரம் மைதானமோ மெக்கெய்சர் அரங்கோ, முதலில் போய்ப் படியை அளந்து வாருங்கள். இங்கே தரும் கணக்கு 70 செ.மீ. அகலப் படிக்கானது.

துணி

பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். சதுர மீற்றருக்கு 340 முதல் 440 கிராம் வரை கனக்கும். மடித்த இடத்தில் வெடிக்கும். 60 அங்குல அகல வெள்ளைப் பொப்ளின் 19 மீற்றர் வாங்குங்கள். 6.2 மீற்றர் நீளத்தில் மூன்று துண்டாக வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக இரட்டைத் தையலில் இணையுங்கள். மேலும் கீழும் 8 செ.மீ. மடித்துத் தைத்து, அந்தக் குழாய்க்குள் 6 மி.மீ. நைலோன் கயிற்றைக் கோத்துவிடுங்கள். இழுக்கிற கை கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும். துணியைப் பிடித்தால் கிழியும். முடிந்த உயரம் ஏறத்தாழ 4.32 மீற்றர் வரும்.

எழுத்து

சதுரக் கொப்பித் தாளில் 20 × 14 கட்டத்துக்குள் வரைந்து, துணியில் ஒரு கட்டத்தை 30 செ.மீ. ஆக்குங்கள். மேசன்மார் நூலடிப்பது போல நிறச் சோக்குத் தூளில் நூலை உருட்டி அடித்தால் கோடு நேராக விழும். சலவை நீலம் பாவிக்காதீர்கள், ஈரப் பெயின்றில் கரைந்து ஊறிவிடும்.

‘திருகோணமலை’ என்று முழுதாக எழுதினால் ‘ண’வின் சுழிகள் தூரத்தில் அடைத்துப்போகும். ‘திருமலை’ போதும். கோட்டின் தடிப்பு எழுத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மெய்யெழுத்து வந்தால் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துப் புள்ளி போடுங்கள். அதைவிடச் சிறிய புள்ளி எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது.

இமல்ஷன் பெயின்ற் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அடியில் தறப்பாள் விரிக்காவிட்டால் மண்டபத் தரையில் அதே எழுத்து இருக்கும்.

மடிப்பு

பலருக்கும் பிழைப்பது இங்கேதான். பாய் சுருட்டுவது போலச் சுருட்டினால், அந்த முழு உருளையையும் ஆட்களுக்கிடையே ஒருவர் சுமந்து மேலே ஏற வேண்டும். சேலைக்குக் கொசுவம் வைப்பது போல மடியுங்கள்.

படம் மேலே பார்க்கத் துணியை விரித்து, கீழ் விளிம்பிலிருந்து 48 செ.மீ. வீதம் முன்னும் பின்னுமாக ஒன்பது அடுக்கு. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கடைசி அடுக்கும் படம் மேலே பார்த்தபடி வரும். மேல் விளிம்பு ஆட்கள் நிற்கும் பக்கம் விழும். இரட்டைப்படையானால் அது மைதானப் பக்கம் போய், பின்னால் நிற்பவர் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது இடம் வலம். பிடிப்பவர்கள் மைதானத்தைப் பார்த்து நிற்கிறார்கள், வாசிப்பவர் எதிரே. ஆகவே ‘தி’ பிடிப்பவரின் வலக்கைப் பக்கம் வர வேண்டும். அந்த முனையில் சிவப்புத் துணித்துண்டு ஒன்று தைத்துவிடுங்கள். அவசரத்தில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

மடித்த துணிக்கட்டை முதல் வரிசையில் வைத்து, வரிசைக்குப் பத்துப் பேராக, மேல் விளிம்பைக் கைமாற்றிக் கைமாற்றி ஆறாம் வரிசைக்கு ஏற்றுங்கள். 40 விநாடி பிடித்தால் போதும்.

காற்று

இந்த அளவுத் துணியை நிமிர்த்திப் பிடித்தால் மணிக்கு 20 கி.மீ. காற்றிலேயே 50 கிலோவுக்கு மேல் தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கச்சான் வீசும் மாதங்களில் மூங்கில் நட்டுக் கட்டுவதை மறந்துவிடுங்கள். தலைக்கு மேல் சரிவாகப் பிடிப்பதே பாதுகாப்பு. காற்றுப் போகவென்று துணியில் அரைவட்டமாக வெட்டுகிறார்கள். அதனால் விசை பெரிதாகக் குறையாது, கிழிசல் மட்டும் அங்கிருந்து தொடங்கும்.

பின்னர் சேர்த்தது

மடித்து வைத்த பதாகை ஒட்டிக்கொள்கிறது என்றால் பெயின்ற் தடிப்பாகப் பூசப்பட்டிருக்கும், அல்லது காயுமுன் மடித்திருப்பீர்கள். இரண்டு முழு நாள் காயவிட்டு, முகப்பவுடர் தூவி மடியுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் வெயிலில் வைத்து இழுக்காதீர்கள், சூட்டில் பெயின்ற் இன்னும் இளகும். விடியற்காலைக் குளிரில் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள்.