ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும்: முதலில் அந்த 48 இலக்கங்கள்

பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகள் பாலக்கோட்டுக்கு வந்தபோது லேப்டாப்பையும் கையோடு கொண்டுவந்து, "சித்தப்பா, விண்டோஸும் இருக்கணும், லினக்ஸும் வேணும்" என்றாள். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு சிஸ்டம், மின்ட் அதில் ஒரு வகை. அவளுக்குச் செய்து கொடுத்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். இது ஒன்றும் புதிதில்லை, 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது.

முதல் வேலை, முக்கியமான ஃபைல்கள் எல்லாவற்றையும் வேறு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துவையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பூட்டு. புது லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) எதையாவது மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ (பூட்டைத் திறக்கும் எண்) கேட்கக்கூடும். அந்தக் கீ, லேப்டாப்பை முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தார்களோ அந்தக் கணக்கில்தான் இருக்கும். இவளுடைய லேப்டாப்பை வாங்கிய கடையில் அவர்களே தங்கள் மெயில் ஐடியைப் போட்டுத் திறந்து கொடுத்திருக்கிறார்கள்! நல்லவேளை, எதையும் தொடும் முன்பே பார்த்துவிட்டோம், கடைக்குப் போய்க் கேட்டு, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகளையும் நோட்டில் எழுதி, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தோம். உங்களுடையது யார் கணக்கில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கீ கைக்கு வந்தபின் செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்பதை ஆஃப் செய்துவிடுங்கள். பூட்டு முழுதாக அவிழக் கொஞ்ச நேரம் ஆகும், சார்ஜர் மாட்டியே இருக்கட்டும்.

அப்புறம் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது.

இப்போது இடம் ஒதுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்', சி டிரைவில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. கணக்கு எம்பியில் கேட்கும். 60 ஜிபி வேண்டுமென்றால் 61440 என்று போடுங்கள். கருப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று ஒரு கட்டம் வரும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். அதே டிஸ்கில் சின்னதாக 'இஎஃப்ஐ' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கையே வைக்காதீர்கள், இரண்டு சிஸ்டமும் பூட் ஆவதற்கு, அதாவது ஆன் செய்ததும் தொடங்குவதற்கு, அதுதான் வாசல்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும், ஆனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மின்ட் 22ஐ நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், விண்டோஸ் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது, 2029 வரை அப்டேட்டும் உண்டு. அதன் ஐஎஸ்ஓவை (மொத்த சிஸ்டமும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள்.

லேப்டாப்பை ஆஃப் செய்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு கீயை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. மின்ட் நேராக இன்ஸ்டால் ஆகாது, முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை, டச்பேட், சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தால் மட்டும் டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் தொடுங்கள்.

ஒரு கட்டத்தில் 'அலாங்சைடு விண்டோஸ் பூட் மேனேஜர்' என்றும் 'எரேஸ் டிஸ்க்' என்றும் அடுத்தடுத்து இருக்கும். முதலாவதுதான் நமக்கு வேண்டியது. அது வரவே இல்லையென்றால் பிட்லாக்கர் பூட்டு இன்னும் அவிழவில்லை என்று சந்தேகப்படுங்கள், விண்டோஸுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டாவது மொத்த டிஸ்கையும் துடைத்துவிடும், அவசரத்தில் அதை அழுத்தி வீட்டு விசேஷப் போட்டோக்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். மற்றக் கேள்விகள் எளிது, நேரத்துக்குக் கொல்கத்தா என்று காட்டும், அது நம் இந்திய நேரம்தான்.

முடிந்து ரீஸ்டார்ட் ஆனால், எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வரும். அம்புக்குறி கீயால் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நேரே விண்டோஸுக்கே போனால் பயாஸில் பூட் ஆர்டரில் (எது முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசை) மின்ட்டை மேலே ஏற்றுங்கள்.

மின்ட்டிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பதறாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது. நெட் இருக்கும்போது விண்டோஸின் தேதி, நேர செட்டிங்ஸில் 'சிங்க் நவ்' கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகிவிடும்.